பெட்டியின் இடது மூலை

மீனைக் கையால் தொட்டே இன்ன மீன் என்று சொல்லிவிடுவேன் என ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடு, மடவையா கொடுவாயா என்று சொல்கிறேன் என்பேன். சொல்லியும் காட்டியிருக்கிறேன். அந்தத் திமிரில்தான் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒரு கவர்மேலும் ஓர் எழுத்து தேவையில்லை என்று நின்றேன். அந்தத் திமிர் என் மருமகளின் உயிரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்கிறார்கள். குறையாது என்று எனக்குத் தெரியும்.

முதலில் பெட்டியைச் சொல்ல வேண்டும். பொன்னேரியில் ஓர் ஐஸ்கிரீம் கடையை மூடியபோது என் வீட்டுக்காரர் மலிவாகப் பேசி வாங்கி வந்தது. படுத்த வாக்கில் நீளமாக இருக்கும். பக்கத்தில் ஒட்டிய கோன் ஐஸ் படம் இன்னும் அழியவில்லை. உள்ளே இருப்பது மடவையும் கெளுத்தியும். தெருப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஓடிவந்து, மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்தால் சமையலறைத் தரை அதிரும். அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டால், அது நின்றால்தான் காது விழிக்கும்.

ஏரிக்கரை வீட்டில் மீனை எதற்கு உறைய வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கடலோடு சேரும் ஏரியில் எங்கள் குப்பத்துக்குப் பாடு முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் முறை வந்த நாளில் இறாலும் மீனுமாகக் கூடை நிறையும். மற்ற நாட்களில் அடுத்தவன் வலையைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான். அதனால் பாடு நாளில் விற்றது போக மிஞ்சியதைப் பெட்டியில் போட்டு, அடுத்த முறை வரைக்கும் எடுத்து எடுத்துச் சாப்பிடுவோம். அடுத்த பாடு வருவதற்குள் பெட்டி காலியாகிவிட வேண்டும் என்பது என் சட்டம். பழசு கிடக்கும்போது புதுசை மேலே போட்டால், பழசு அடியிலேயே கிடந்து பஞ்சாகிவிடும். ஆகவே கடைசி இரண்டு நாள் எங்கள் வீட்டில் கவர் கவராக உடைத்து எல்லா மீனும் ஒரே சட்டியில் கொதிக்கும். என் வீட்டுக்காரர் அதை அனைத்துக் கட்சிக் கூட்டம் என்பார்.

மீனைக் கழுவித் துண்டு போட்டுக் கவரில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போடுவேன். விடிந்தால் செங்கல் போல இறுகியிருக்கும். அப்படி வைத்தால் காற்றுப்படாது, மீன் காயாது. ஒரே குறை, உறைந்தபின் வெள்ளைக் கட்டிக்குள் நிழல்தான் தெரியும். எனக்கு அந்த நிழல் போதும் என்று நினைத்தேன்.

பெட்டியின் இடது மூலை என் வீட்டுக்காரருடையது. பாடு இல்லாத நாளில் அவர் நண்டுக்குப் போவார். வலை தைத்த இரும்பு வளையத்தின் நடுவே இரையைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார். இரைக்கு அவர் கண்டுபிடித்தது பேத்தை மீன். வலையில் ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு பந்து போலக் கிடக்குமே, அதுதான். பேத்தையை எங்கள் ஊரில் பச்சைக் குழந்தை கூட வாயில் வைக்காது. அதன் விஷம் மனிதனின் மூச்சை நிறுத்திவிடும். கரையில் எறிந்தால் காக்கா கூடத் தொடாது, ஆனால் நண்டு தொடும். பேத்தையின் தோல் முரட்டுத் தோல், அதை உரித்துவிடுவார். ஈரலையும் சினையையும் மட்டும் எடுக்க மாட்டார். அந்த வாசத்துக்குத்தான் நண்டு வரும் என்பது அவர் கணக்கு. துண்டு போட்டு, நான் மீன் வைப்பது போலவே கவரில் தண்ணீர் ஊற்றி, இடது மூலையில் வைப்பார்.

சோற்றுக்கான மீனும் விஷ மீனும் ஒரே பெட்டியிலா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் பெட்டி உள்ள நாலு வீட்டிலும் அப்படித்தான். இடது மூலை இரை, மிச்சம் சோறு. பிறந்ததிலிருந்து மீனோடு கிடப்பவர்களுக்கு இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

குழப்பம் வரும் என்று சொன்னவள் ஒருத்திதான், என் மருமகள். திருப்பாலைவனத்துப் பெண். நெல் விளையும் ஊர், மீன் வாசம் காற்றில் வந்தால் உண்டு. என் மகன் விரும்பிக் கட்டிக்கொண்டவள். கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். வந்த ஒரு மாதத்தில் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அவ்வளவு கவரும் வெறுமையாக இருக்கிறதே, எது எதுவென்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்றேன். மறுநாள் வெள்ளை பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டி, பேனாவால் எழுதி, ஒவ்வொரு கவரிலும் ஒட்டியிருந்தாள். மீனுக்கெல்லாம் அடிபட்டுவிட்டதா, கட்டுப் போட்டிருக்கிறாயே என்று தெருவே கேட்கும்படி கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் ஒட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. என் சமையலறையில் என் கண்ணை நம்பாமல் ஒருத்தி சீட்டு எழுதுகிறாளே என்ற எரிச்சல்தான், வேறென்ன. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அவள் உண்டானாள். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு, தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். பிள்ளை பிறந்தால் பால் சுரக்க எங்கள் பக்கம் பால்சுறாவும் காரப்பொடி மீனும் கொடுப்போம். பால்சுறா நினைத்த நாளில் கிடைக்காது. கடல் கொந்தளித்தால் வாரக் கணக்கில் படகு இறங்காது. அதனால் பெட்டியை ஒரேயடியாகக் காலி செய்து, பேறுகாலத்துக்கு என்று நிரப்பி வைக்க முடிவு செய்தேன். பேரப்பிள்ளை வரப்போகிற குஷி. என் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் பால்சுறா வாங்கக் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். உள்சுவரில் நாலு விரற்கடை பனி ஏறியிருந்தது. கவர்களையெல்லாம் எடுத்து அலுமினிய அன்னக்கூடையில் போட்டேன். இடது மூலையில் இருந்ததையும் சேர்த்துத்தான் போட்டேன். வைக்கும்போது பார்த்துப் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ஞாபகம். உள்ளே வெந்நீர்ச் சட்டியை இறக்கி, பனி இளகியதும் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். பாதி வேலையில் கவர்கள் வியர்த்து, அவள் ஒட்டிய பிளாஸ்திரிகளின் ஓரம் உரிந்து, கையிலும் கூடையிலும் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தன. எனக்கு ஆத்திரம் வந்தது. ஒவ்வொன்றாக உரித்து, உருட்டி, குப்பைக் கூடையில் போட்டேன். ஒன்றைக் கூடப் படிக்கவில்லை. படிக்க எனக்கென்ன தேவை என்ற எண்ணம்.

கூடையில் ஐந்து கவர் மிச்சம். இரண்டு மடவை, ஒன்று கெளுத்தி, ஒன்றில் கொஞ்சம் பொடி மீன். ஐந்தாவதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். தோல் உரித்த வெள்ளைத் துண்டுகள். பார்த்ததும் கிளாத்தி என்று முடிவு கட்டினேன். கிளாத்தியையும் தோல் உரித்துத்தான் சமைப்போம். ஒரு கிளாத்திக் கவர் போன பாடு முறையில் போட்டு வைத்தது நினைவிருந்தது. அந்தக் கிளாத்தியை மருமகள் தாய் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் குழம்பு வைத்ததும், நானே இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டதும் நினைவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது கால் இல்லை, ஆயுசு முழுக்க நான் நம்பிய கண்ணும் கையும்.

கட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். துண்டுகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு பை தெரிந்தது. சினை. என் மனம் துள்ளியது. மசக்கையில் எதைப் பார்த்தாலும் ஓங்கரித்தவள், மீன் சினையை மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். இதை அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த நொடியே தீர்மானித்தேன். ஒரு மடவைக் கவரையும் இந்தக் கவரையும் பழைய தினத்தாளில் சுற்றி, பையில் போட்டு, திருப்பாலைவனம் வழியாகப் போகிற ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். போகிற வழியில் சம்பந்தி வீட்டு வாசலில் கொடுத்துவிடுவார். எப்போதும் கொடுப்பவர்தான்.

பிறகு போன் போட்டேன். மருமகள்தான் எடுத்தாள். நான் சொன்ன வார்த்தை ஒன்று விடாமல் நினைவிருக்கிறது.

"கிளாத்தில செனை கீது. அத வறுக்கச் சொல்லி நீ ஒருத்தியே துண்ணு. வேற யாருக்கும் குடுக்காத."

அவள் சிரித்து, சரி அத்தே என்றாள். நான் போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் துடைத்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. பிளக்கைச் சொருகினேன். மோட்டார் உறுமத் தொடங்கியது. அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்காரர் ஒரு கூடை நிறையப் பால்சுறாவோடு வந்தார். நான் உட்கார்ந்து கழுவ, அவர் முடிச்சுப் போட்டுக் கொடுக்க, பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. மறுநாள் நண்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இடது மூலையைத் துழாவினார். கை வெறுமையாக வந்தது. எரையை எங்கே வைத்தாய் என்று கேட்டார். கூடையில்தான் இருக்கும் பாரும் என்றேன். கூடையைக் கவிழ்த்தார். மடவை, கெளுத்தி, பொடி மீன். மூன்று கவர்.

"இன்னாமே, அவ்ளோதானா?" என்றார்.

கிளாத்தியையும் ஒரு மடவையையும் மருமகளுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் என்னையே பார்த்தார். கிளாத்தியா, அதைத்தான் அந்தப் பெண் போவதற்கு முன்னால் ஆக்கித் தின்றோமே என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் சொன்னதும் எனக்கும் அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லை, அது கிளாத்திதான், சினை கூட இருந்தது என்று சத்தம் போட்டேன். சொல்லிக்கொண்டே குப்பைக் கூடையைக் கொட்டினேன். மீன் செதிலுக்கு நடுவே பிளாஸ்திரி உருண்டைகள் கிடந்தன. ஒன்றைப் பிரித்தேன், மடவை என்று இருந்தது. அடுத்தது கெளுத்தி. அடுத்தது விரலில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. நகத்தால் கிள்ளிப் பிரித்தேன். மருமகளின் குண்டு குண்டான கையெழுத்து. "மாமா எரை. பேத்தை. துண்ணக் கூடாது." கடைசி வார்த்தையின் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அவளுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சம்பந்தியம்மாள் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் அதற்குள் பக்கத்து வீட்டு பைக்கைக் கேட்டு வாங்கி வாசலில் உறுமவிட்டிருந்தார். மீன் கையோடு, மாற்றுப் புடவை கூட இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். பிளாஸ்திரி என் உள்ளங்கையிலேயே ஒட்டியிருந்தது.

அந்தச் சாலையில் நான் ஆயிரம் முறை போயிருக்கிறேன். பாலம் தாண்டினால் கருவேலம் புதர், பிறகு உப்பு பூத்த தரை, பிறகு வயல். அன்றைக்கு வயல் வரவே இல்லை. முன்னால் டிராக்டர் ஒன்று வைக்கோலை ஏற்றிச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. என் வீட்டுக்காரர் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து போனை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் சரியாக ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு முதலில் போடுவார்கள். எனக்கு அந்த வீட்டு வழக்கமெல்லாம் தெரியும், அதுதான் கொடுமை. ஒவ்வொரு நிமிடமும் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று என்னால் பார்க்க முடிந்தது. சட்டி இறங்கும். தட்டு வரும். வறுத்த சினையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், ஏனென்றால் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி நிற்பதற்குள் குதித்தேன். கூடத்தில் மருமகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. பக்கத்தில் சின்னக் கிண்ணம், காலி. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சம்பந்தியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வாங்க அண்ணி, சாப்பிடும் நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். அவர் இன்னும் சாப்பிடவில்லை. சம்பந்தி வயலில் இருந்தார்.

நான் தட்டைக் காலால் எட்டித் தள்ளினேன். அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினேன். சம்பந்தியம்மாள் மலைத்து நின்றார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். நான் திரும்பி வந்து மருமகள் முன்னால் மண்டி போட்டு, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

"செனைய ஃபுல்லா துண்ட்டேன் அத்தே. நல்லா இருந்துச்சி. ஒதடு மட்டும் இன்னாமோ மரமரன்னு கீது. மெளகு காரமா?" என்றாள்.

நான் உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். அவள் தன் கையெழுத்தைத் தானே படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தத் தெருவிலேயே ஓர் ஆட்டோ நின்றிருந்தது. ஏற்றும்போது நடந்துதான் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கால் நிற்கவில்லை. வழியில் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. பிறகு கை துவண்டது. கண் மட்டும் திறந்திருந்தது, நான் நகர்ந்தால் என்னோடு நகர்ந்தது. பேத்தை விஷத்தில் புத்தி தெளிவாகவே இருக்கும், எல்லாம் கேட்கும், உடம்புதான் அசையாது என்று என் வீட்டுக்காரர் முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். அதனால் நான் அழவில்லை. அவள் காதில் விழுமே என்று பயந்து, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே போனேன். என்னென்ன பெயர் சொன்னேனோ தெரியாது. சம்பந்தியம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மூக்குக்கு அருகே விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

என்ன சாப்பிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொல்ல வேண்டியது நான்தான், சொன்னேன். உள்ளே கொண்டுபோய்க் குழாய் போட்டு, மூச்சைக் கருவியில் விட்டார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, தானாக இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்றார் ஒரு பெண் டாக்டர். வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவிட்டார். குதிரை ஓடுவது போலக் கேட்டது. ஓடட்டும் ஓடட்டும் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

என் மகன் கம்பெனியிலிருந்து ஷிப்டு உடையோடு வந்து சேர்ந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தான். திரும்பி, யார் கொடுத்தது என்று கேட்டான். அவன் அப்பா வாயைத் திறக்கும் முன் நான்தான் என்று சொன்னேன். வேறு யாராவது ஒருவர்மேல் பழியைப் போட்டுவிட முடியாதா என்று ஒரு கணம் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோக்காரர், பனி, இரையை அந்தப் பெட்டியில் வைத்த மனிதர், எல்லோரும் நினைவில் வந்து போனார்கள். உள்ளங்கையில் அந்த பிளாஸ்திரி இருக்கும்போது யாரைச் சொல்வது? மகன், நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்காராமல் எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அந்த இரவை எழுத எனக்குத் தெம்பில்லை. மறுநாள் பகல் ஏறியபின் அவள் இடது கைச் சுண்டுவிரல் அசைந்தது என்று வந்து சொன்னார்கள். அதற்கும் மறுநாள் குழாயை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, எந்தக் குறையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது.

இடைப்பட்ட நாட்களில் நான் வீட்டில் இருந்தேன். பெட்டி நிறையப் பால்சுறா, அடுக்கடுக்காக. என் வீட்டுக்காரர் நண்டு வளையங்களைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். நான் சந்தைக்குப் போய் பிளாஸ்திரி வாங்கி வந்து, ஒவ்வொரு கவரிலும் எழுதி ஒட்டினேன். என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். பால்சுறா, பால்சுறா, பால்சுறா. ஒட்டி முடித்துவிட்டு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தனையிலும் சீட்டு இருந்தது. ஆனால் எழுதியவள் நான் அல்லவா? சீட்டில் இருப்பதுதான் கவரில் இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? ஒரு கவரை உடைத்து, இளகவைத்து, வாலையும் தோலையும் பார்த்து, மறுபடி முகர்ந்து பார்த்தேன். பால்சுறாதான். அடுத்த கவர் என்னவோ என்று அப்போதே பயம் வந்துவிட்டது.

குழந்தை பிறந்த பத்தாம் நாள் ஒரு கவரை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நானே அங்கே பால்சுறாப் புட்டு செய்தேன். சம்பந்தியம்மாள் சமையலறைக் கதவருகே நின்று ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டைக் கொண்டுபோய் மருமகளிடம் வைத்தேன். அவள் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தட்டை என் பக்கமே நகர்த்தினாள்.

"நீங்க மொதல்ல துண்ணுங்க அத்தே. நான் அப்பறமா துண்றேன்."

குரலில் குத்தல் இல்லை. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள் பேசுவது போல அமைதியாகச் சொன்னாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு மூன்று பெண்களும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரம் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. என்னைவிட அதிகமாக யாரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க முடியாது. ஒரு மணி நேரம் ஆனதும் அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

இப்போது அவளும் குழந்தையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெட்டி வழக்கம்போல நிரம்புகிறது, காலியாகிறது. சீட்டு எழுதுவது அவள் வேலை. இடது மூலை வெறுமையாகவே கிடக்கிறது, யாரும் அதில் எதையும் வைப்பதில்லை. நான் மீன் சமைத்தால் முதல் வாய் எனக்கு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு. யாரும் சொல்லி வைத்தது இல்லை, அப்படியே நிலைத்துவிட்டது.

போன வாரம் குழந்தைக்கு முதன்முதலாக மீன் சோறு பிசைந்தோம். பாடு நாளில் வந்த மடவை. வலையிலிருந்து எடுத்தது, தலையோடு தோலோடு எல்லோரும் பார்த்தது, பெட்டிக்கே போகாதது. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். குழந்தை கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தது. முகம் சிவந்து, விக்கி விக்கி அழுதது. மருமகள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

"போதும் அத்தே. மடவைதான். குடுத்துடலாம்."

அவள் மன்னித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. எத்தனை நாளாக நான் காத்திருந்த வார்த்தை அது. நான் உதட்டைத் தடவிப் பார்த்தேன். கிண்ணத்தை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் இருவது நிமிசம் கீதும்மா" என்றேன்.